பேரிக்காட்டில் படகுகள் நின்ற கோடை

மலைக்குக் கீழே, டவுன் ஆஸ்பத்திரியில், டாக்டர் எஸ்தர் குணவதியின் வயிற்றைத் திறந்த அந்த மாசி மாதத்துக் காலையில், மலைமேல் பேரிக்காட்டு ஏரியில் போய்க்கொண்டிருந்த படகுகள் எல்லாம் போன இடத்திலேயே நின்றன. காற்று நிற்கவில்லை, தண்ணீர் உறையவில்லை, துடுப்பு உடையவில்லை. துடுப்புப் போட்டவர்கள் போட்டுக்கொண்டே இருந்தார்கள், அன்னப் படகில் பெடல் மிதித்தவர்கள் மிதித்துக்கொண்டே இருந்தார்கள், சக்கரம் சுற்றியது, நுரை பொங்கியது, அலை போய்க் கரையைத் தொட்டுத் திரும்பி வந்தது, ஆனால் படகு மட்டும் சுவரில் அடித்த ஆணி மாதிரி இருந்த இடத்தைவிட்டு ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

பேரிக்காட்டுக்காரர்கள் அதிசயத்தைக் கண்டால் வாயைப் பிளக்கிறவர்கள் இல்லை. இதற்கு யார் பொறுப்பு என்றுதான் முதலில் கேட்டார்கள், டிக்கெட்டுக்குப் பணத்தைத் திருப்பித் தருவீர்களா என்று அடுத்துக் கேட்டார்கள். தீயணைப்பு வண்டி வந்தது. அதிலிருந்து இறக்கிய ரப்பர் படகு உறுமிக்கொண்டு கிளம்பி, கரையிலிருந்து கொஞ்ச தூரம் போனதும் அதுவும் மற்றவற்றோடு சேர்ந்து நின்றுகொண்டது. நீந்துகிறவனை ஏரி தடுக்கவில்லை, வாத்தைத் தடுக்கவில்லை, மிதந்து போன செருப்பைத் தடுக்கவில்லை. ஆள் ஏறிய படகைத்தான் விடமாட்டேன் என்றது.

வழி கண்டுபிடித்தவர் படகுத்துறை வாசலில் டீக்கடை வைத்திருந்த யாகூப் பாய். நடுத்தண்ணீரில் மாட்டியவர்கள் காலையிலிருந்து ஒன்றும் குடிக்கவில்லையே என்ற கவலையில் அவர், "நகராத படகுன்னா அது தூண் மாதிரிதானப்பா, மேல பலகையைப் போடுங்க" என்றார். மர அறுவை மில்லிலிருந்து நீள நீளமான சில்வர் ஓக் பலகைகள் வந்தன. படகுக்குப் படகு பலகை போட்டு, இடைவெளி அதிகமான இடத்தில் மூங்கில் நட்டு, கயிறு கட்டி, முதல் ஆளாக யாகூப் பாயே கெட்டிலைத் தூக்கிக்கொண்டு ஏரியின் நடுவுக்கு நடந்து போனார். மாலைக்குள் எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள். கல்யாணமாகி ஒரு மாதமே ஆன ஒரு ஜோடி, காலையில் ஒருவரோடு ஒருவர் பேசாமல் அன்னப் படகில் ஏறியவர்கள், இறங்கும்போது இன்னும் கொஞ்ச நேரம் கழித்து வந்திருக்கலாமே என்று பலகை போட்டவர்களைக் கோபித்துக்கொண்டார்கள்.

இதற்கும் குணவதிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. கடைத்தெருவில் கணவர் வேலாயுதத்தோடு பேக்கரி நடத்துகிறவள் அவள். ஐம்பதைத் தாண்டியவள், மாவு பிசைந்து பிசைந்து முறுக்கேறிய தோள்காரி. மதியத்து வர்க்கி, அந்த மொறுமொறு மலைப் பிஸ்கட், அடுப்பிலிருந்து இறங்கியதும் கையைக் கழுவிக்கொண்டு, ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு, நாணல் ஓரத்தில் கட்டியிருக்கும் தன் சொந்தப் படகில் ஏறி ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வருவாள். மீன் பிடிக்க மாட்டாள், ஆளை ஏற்ற மாட்டாள், பாட்டுக்கூடக் கேட்க மாட்டாள். குடும்பப் பெண் தனியாகப் படகில் ஏறி எங்கே போகிறாள் என்று ஆரம்பத்தில் கேட்டார்கள். "எங்கயும் இல்ல, சும்மா" என்றாள். எங்கேயாவது போனால்கூட ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும், இந்த சும்மாவை ஊரால் சுலபத்தில் பொறுக்க முடியவில்லை. மழையிலும் போனாள், பனியிலும் போனாள், மாமியார் செத்த பதினாறாம் நாள் முடிந்த மறுநாளும் போனாள். கடைசியில் ஊர் அலுத்துப்போய், மணிக்கூண்டைப் பார்ப்பதுபோல அவளைப் பார்க்கப் பழகிவிட்டது.

பிறகுதான் கர்ப்பப்பையில் ஒரு கட்டி வந்தது. மாதக்கணக்கில் உதிரப்போக்கு, தலைசுற்றல், அடுப்பு முன்னால் நிற்க முடியாத சோர்வு. கர்ப்பப்பையை எடுத்துவிடுவதுதான் நல்லது என்று டாக்டர் எஸ்தர் சொன்னபோது குணவதி அழவில்லை. கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"படகு ஓட்டறத நிறுத்தணுங்களா டாக்டர், இல்ல நிறுத்தி வெக்கணுங்களா?"

டாக்டர் எழுதிக்கொண்டிருந்ததை விட்டுத் தலையை நிமிர்த்தினார். "ரெண்டும் ஒண்ணுதானேம்மா?"

"இல்லைங்க. நிறுத்தினா அதோட போச்சு. நிறுத்தி வெச்சா மறுபடி எடுத்துக்கலாம்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அப்ப நிறுத்தி வைங்க. மூணு மாசம். குடம் தூக்கக்கூடாது, மாவு பிசையக்கூடாது, துடுப்பைத் தொடவே கூடாது. உள்ள போட்ட தையல் வெளிய தெரியாது, ஆனா அதுதான் முக்கியம். அது ஆறினதும் நான் பார்த்துச் சொல்றேன்."

குணவதி அந்த ஒரு வார்த்தையை, நிறுத்தி வைப்பது என்ற அந்த வார்த்தையை, முந்தானையில் முடிந்துகொண்டதுபோல எடுத்துக்கொண்டு ஆபரேஷனுக்குப் போனாள்.

அவள் திரும்பி வந்த நாளில்தான் ஊருக்கு விஷயம் புரிந்தது. வயிற்றில் பெல்ட்டும் மடியில் தலையணையுமாக, வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்துக்கொண்டு வாடகைக் காரில் மலையேறி வந்தாள். கார் ஏரிச்சாலைக்குள் நுழைந்தபோது, ஏரியில் நின்ற படகுகள் எல்லாம், பலகை கட்டிய படகும் கட்டாத படகும், துறையில் கிடந்ததும் நடுவில் நின்றதும், கொட்டிலில் கட்டிய மாடுகள் வீட்டுக்காரி வரும் சத்தம் கேட்டுத் தலையைத் திருப்புவதுபோல மூக்கைத் திருப்பி அந்தக் காரைப் பார்த்தன. கார் சாலையோடு வளைய வளைய அவையும் நின்ற இடத்திலேயே வளைந்து பார்த்தன. பலகைகள் கிறீச்சிட்டன. கார் கடைத்தெருவுக்குள் மறைந்ததும் பழையபடி நேராகிவிட்டன.

படகுத்துறையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "பேக்கரி அக்காவுக்கு ஆபரேஷன் ஆன அன்னிக்குத்தானே நின்னுச்சு?" என்றார் யாகூப் பாய். ஆமாம் என்றார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. அவள் படுத்திருக்கிறாள், அதனால் படகும் படுத்திருக்கிறது. அதற்குமேல் அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று டீயைக் குடித்துவிட்டுக் கலைந்தார்கள்.

குணவதிக்கு இதைக் கேட்கச் சிரிப்புத்தான் வந்தது, ஆனால் சிரித்தால் தையல் இழுத்தது. தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகச் சிரித்தாள். இருமலும் அப்படித்தான், தும்மலும் அப்படித்தான், கட்டிலிலிருந்து எழுவதும் ஒரு பக்கமாகப் புரண்டு கையை ஊன்றி ஒரு பெரிய காரியமாகத்தான் நடந்தது. சாயங்காலம் வர்க்கி வாசனை அடங்குகிற நேரத்துக்கு மட்டும் உடம்பு அவள் பேச்சைக் கேட்கவில்லை. படுத்திருந்தபடியே தோள் இரண்டும் பின்னுக்குப் போய் முன்னுக்கு வந்தன, விரல்கள் போர்வை ஓரத்தைப் பிடித்து இழுத்தன. அந்த நேரங்களில் அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்த மகள் சுகந்தி அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். கஞ்சியும் கீரையும் சூப்புமாக நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள். ஒரு காலையில் தட்டை எடுத்துக்கொண்டே, "அம்மா, நானும் அப்பாவும் பேசிட்டோம். அந்தப் படகைக் குடுத்துடலாம். ஓட்டல்காரங்க பூச்செடி வெக்கக் கேக்கறாங்க" என்றாள்.

"யாரைக் கேட்டுப் பேசினீங்க?"

"உனக்கு என்ன வயசும்மா இனி? கர்ப்பப்பையே எடுத்தாச்சு. பேசாம வீட்டுல உக்காந்து சீரியல் பாரேன்."

"எடுத்தது கர்ப்பப்பையை. கையை இல்ல."

வேலாயுதம் வாசற்படியில் நின்று மாவுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்தார். முப்பது வருஷத்தில் அவளிடம் குரலை உயர்த்தாத மனிதர். ஆபரேஷன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த காலையில் அவருக்குள் ஏதோ ஒன்று பயந்து சுருண்டு படுத்துக்கொண்டது, அது இன்னும் எழவில்லை. "போதும் குணா. எனக்கு நீ வேணும். உயிரோட வேணும். அந்தத் துடுப்பை நான் எடுத்து உள்ள வெச்சுப் பூட்டிட்டேன்" என்றார்.

அவருடைய கண்ணைப் பார்த்தபோது அவளுக்குக் கோபம் முழுசாக வரவில்லை. ஆனாலும் விடவில்லை. "பூட்டி வைங்க. பத்திரமா இருக்கட்டும். படகை மட்டும் யாருக்காவது குடுத்தீங்க, நான் தையலோட போய்த் திரும்ப வாங்கிட்டு வருவேன். டாக்டர் நிறுத்தி வெக்கச் சொல்லியிருக்காங்க, நிறுத்தி வெச்சிருக்கேன். நிறுத்தச் சொல்ல இந்த வீட்டுல ஆள் கிடையாது." சொல்லி முடித்துத் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொண்டு இருமினாள். சுகந்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

பங்குனி பிறந்ததும் ஊர் கிளம்பி வந்தது. சீசன் நெருங்குகிறது, கோடை விழா நெருங்குகிறது, படகு ஓடாத பேரிக்காட்டுக்கு யார் வருவார்கள்? பேரூராட்சித் தலைவர் செங்கோடன் முன்னால் வர, படகுத்துறைக்காரர்கள் பின்னால் வர, ஓட்டல்காரர்களும் குதிரைக்காரர்களும் சோளம் விற்கிறவர்களும் தெருவில் நிற்க, பழத்தட்டும் ஹார்லிக்ஸ் பாட்டிலுமாக வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தார்கள். இதே செங்கோடன்தான் போன வருஷம், பெண்கள் தனியாகப் படகோட்டுவது ஊருக்கு அழகில்லை என்று கூட்டத்தில் பேசியவர்.

"உடம்பு எப்படி இருக்குதுங்க்கா?" என்று ஆரம்பித்தார். இரண்டு வார்த்தைக்குள் விஷயத்துக்கு வந்துவிட்டார். "ஒரே ஒரு சுத்துங்க. நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம். நாங்களே நாற்காலியோட தூக்கிட்டுப் போறோம், மெத்தை போடறோம், துடுப்பை லேசாத் தொட்டாப் போதும்."

குணவதி ஜன்னலைப் பார்த்தாள். அந்த ஒரு சுற்றை அவளைவிட அதிகமாக விரும்பியவர் அந்தக் கூட்டத்தில் யாரும் இல்லை. இப்போதே எழுந்து போகலாம். யாரும் தடுக்க மாட்டார்கள், மேளம்கூட வைப்பார்கள். கை தானாகவே போர்வையைத் தேடியது. அதே சமயம் வயிற்றின் அடியில், வெளியே தெரியாத அந்த இடத்தில், ஏதோ ஒன்று மெல்லிசாக இழுத்தது. ஊமைப் பிள்ளை புடவையைப் பிடித்து இழுப்பதுபோல இழுத்தது.

"முடியாதுங்க" என்றாள்.

"ஊரே உங்களை நம்பி இருக்குதுங்க்கா."

"என் உடம்பும் என்னை நம்பித்தான் இருக்குது. மூணு மாசம் ஆகட்டும். டாக்டர் சொன்ன அன்னிக்கு வரேன்."

பழத்தட்டு போய்விட்டது, ஆனால் ஊர் விடவில்லை. அவளுடைய ஸ்வெட்டரை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு படகுத்துறைக்காரர் ஒருவர் அவள் படகில் ஏறி உட்கார்ந்து பார்த்தார். படகு அவரை முகர்ந்து பார்த்ததுபோல ஒருமுறை ஆடிவிட்டுச் சும்மா இருந்தது. ஏரித் தண்ணீரைக் குடத்தில் கொண்டுவந்து, கையை மட்டும் வையுங்கள் என்றார்கள். அவளும் வைத்தாள், தண்ணீர் ஜில்லென்று இருந்தது, அவ்வளவுதான். மாதா கோவிலில் மெழுகுவத்தி, மாரியம்மனுக்குக் கூழ், பள்ளிவாசலில் துஆ எல்லாம் நடந்தன. ஒன்றும் பலிக்காதபோது ஊருக்குக் கோபம் வந்தது. படகுத்துறைக்காரர்கள் பேக்கரிப் பக்கம் வருவதை நிறுத்தினார்கள். ஓட்டல்காரர்கள் ரொட்டியைக் கீழே டவுனிலிருந்து வரவழைத்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் வர்க்கி மீந்து மீந்து மெத்தென்று போனது. தெருவில் போகிறவர்கள் அவள் ஜன்னலைப் பார்த்து, காதில் விழும்படியாக, பிடிவாதக்காரி என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஒரு மாலை வேலாயுதம், பூட்டை அவரே திறந்து, துடுப்பு இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்து கட்டிலோரம் சாய்த்து வைத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒரு சுத்துதானே குணா. மெதுவா. நானும் கூட வரேன். நம்ம கடை ஓடணுமில்ல?"

அந்த ஒரு நாள்தான் அவள் அழுதாள். கண் அழுதது, குரல் அழவில்லை. "போன மாசம் சாகற வரைக்கும் ஏறாதேன்னீங்க. இப்ப இன்னிக்கே ஏறுங்கறீங்க. ரெண்டு தடவையும் என்னை யாராவது கேட்டீங்களா? வேகாத ரொட்டியை யாராவது கேட்டா அடுப்பை விட்டு எடுத்துக் குடுப்பீங்களா? நான் இன்னும் வேகலைங்க. உள்ள இருக்கேன்."

வேலாயுதம் துடுப்புகளை எடுத்துக்கொண்டு போய், இந்த முறை பூட்டாமல், கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார். மறுநாள் கடையைத் திறந்ததும், ஜன்னலைப் பார்த்துப் பிடிவாதக்காரி என்று சொல்லிக்கொண்டு போன ஓட்டல்காரரை நடுத்தெருவில் நிறுத்தி, "ஆமாங்க, பிடிவாதக்காரிதான். அந்தப் பிடிவாதத்துலதான் பொழச்சு வந்தா. வர்க்கி வேணுமா வேண்டாமா?" என்று கேட்டார். அவ்வளவு சத்தமாக அவர் பேசி ஊர் கேட்டதே இல்லை. ஓட்டல்காரர் அரைக்கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

சித்திரை வந்தது, வெயில் தாங்காமல் கீழ்நாட்டு ஜனம் மலையேறி வந்தது, படகு ஓடாவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று பயந்ததற்கு நேர்மாறாக, ஓடாத படகைப் பார்க்கவே வண்டி வண்டியாக வந்தது. யாகூப் பாய் கடையைத் தூக்கி ஏரிக்கு நட்டநடுவில் ஒரு பெரிய படகில் வைத்துவிட்டார். பக்கத்துப் படகில் மிளகாய் பஜ்ஜி வந்தது, அதற்கடுத்த படகில் சவரக்கடை வந்தது. நாலு பக்கமும் தண்ணீர் தெரியத் தாடி மழிக்கிற சுகத்துக்காக வழித்த மறுநாளே ஆட்கள் திரும்பி வந்தார்கள். பலகைகளுக்குக் கைப்பிடி வந்தது, கைப்பிடிக்குச் சாமந்தித் தொட்டி வந்தது. அன்னப் படகுகளில் உட்கார்ந்தவர்களுக்கு மிதிக்கவும் வேண்டியதில்லை, எங்கேயும் போய்ச் சேரவும் வேண்டியதில்லை என்பதால் பேச நேரம் கிடைத்தது. பாகம் பிரிக்க வழக்குப் போட்ட அண்ணன் தம்பிகள் ஒருநாள் அங்கே உட்கார்ந்து பேசி முடித்துக்கொண்டார்கள். இரண்டு நிச்சயதார்த்தமும் ஒரு காதுகுத்தும் நடந்தன. கோடை விழா மேடையே தண்ணீர்மேல் போடப்பட்டது. ஏரி ஒரு தெருவாகிவிட்டது. அதில் எப்போதோ படகு ஓடிக்கொண்டிருந்தது என்பதே சின்ன வேடிக்கையாகப் பேசப்பட்டது. பேக்கரிக்கும் வியாபாரம் திரும்பிவிட்டது; வர்க்கி மதியத்துக்குள் தீர்ந்தது.

குணவதி நடக்க ஆரம்பித்தாள். முதலில் கட்டிலிலிருந்து அடுப்படி வரைக்கும், பிறகு வாசல் வரைக்கும், பிறகு தெருக்கோடிப் பேரி மரம் வரைக்கும். மூச்சு வாங்கினால் நின்றாள், வலித்தால் திரும்பினாள். யார் கண்ணுக்கும் தெரியாத அந்தத் தையல் எப்போது போ என்கிறது, எப்போது போதும் என்கிறது என்று அவளுக்குக் காது பழகிவிட்டது. ஒருநாள் ஏரிக்கரை வரைக்கும் போய்விட்டாள். பலகையும் தொட்டியும் ஜனமும் நிறைந்து கிடந்ததில் தண்ணீரைத் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. நாணல் ஓரத்தில் அவள் படகு தனியாக நின்றது. அதன்மேல் கையை வைத்தாள். தொடத்தான் தொட்டாள், ஏறவில்லை. திரும்பி நடந்தாள்.

வைகாசியில் டாக்டர் எஸ்தர் அவளைப் படுக்கவைத்து அழுத்திப் பார்த்தார், எழுப்பிக் குனியவைத்தார், கையைத் தூக்கச் சொன்னார். "நல்லா ஆறியிருக்கு. இவ்வளவு ஒழுங்கா யாரும் இருக்க மாட்டாங்க" என்றார். "எடுத்துக்கோங்கம்மா உங்க படகை. மெதுவா ஆரம்பிங்க. வலிச்சா அங்கயே நிறுத்திடுங்க, வீராப்பு வேண்டாம்."

அந்தச் செய்தி அவளுடைய பஸ்ஸுக்கு முன்னாலேயே மலையேறிவிட்டது. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது செங்கோடன் உட்கார்ந்திருந்தார். இந்த முறை பழத்தட்டோடு பொன்னாடையும் இருந்தது.

"அக்கா, ஊர் சார்பா உங்களுக்கு ஒரு பாராட்டு விழா வெக்கலாம்னு இருக்கோம். ஏரி நடுவுல, மேடை போட்டு. உங்க பேருல ஒரு பூங்காகூட."

"எதுக்குங்க?"

"நீங்க ஓய்வு எடுத்ததாலதானே இவ்வளவும் வந்துச்சு. அதனால..." துண்டால் கழுத்தைத் துடைத்தார். "ஓய்வை அப்படியே தொடர்ந்தீங்கன்னா எல்லாருக்கும் நல்லதுங்க. கடைங்க இருக்குது, கல்யாணம் புக்கிங் ஆகியிருக்குது. பலகைக்குப் பதிலா இரும்பு போடவும் தீர்மானம் போட்டாச்சுங்க. உங்க வயசுக்கு இனிமே படகெல்லாம் எதுக்குங்க்கா?"

குணவதி நாற்காலியில் உட்கார்ந்தாள். நிதானமாகத் தண்ணீர் குடித்தாள். "முன்னாடி ஏறாதேன்னீங்க. அப்புறம் ஏறியே ஆகணும்னீங்க. இப்ப மறுபடி ஏறாதேங்கறீங்க. உங்களுக்கும் களைப்பா இருக்குமுங்க. போய்ப் படுங்க. நாளைக்குச் சாயங்காலம் நான் ஏரிக்கு வரேன். பலகை, தொட்டி, அடுப்பு எல்லாத்தையும் எடுத்துக்கச் சொல்லுங்க."

"எடுக்கலைன்னா?"

"அது உங்க இஷ்டம். நான் சொல்லியாச்சு."

ஊர் எடுக்கவில்லை. எடுக்காதது மட்டுமில்லை, மறுநாள் மாலை பேரிக்காடு மொத்தமும் கடையை அடைத்துவிட்டுப் பலகைகள்மேல் போய் நின்றுகொண்டது. இவ்வளவு பேர் நிற்கும்போது எப்படித் துடுப்பைப் போடுவாள் பார்க்கலாம் என்று குதிரைக்காரர்களும் சோளக்காரர்களும் ஓட்டல்காரர்களும் படகுக்குப் படகு கைகோத்து நின்றார்கள். சவரக்கடை நாற்காலியில் முகத்தில் பாதிச் சோப்போடு ஒருவர் எழாமல் உட்கார்ந்திருந்தார். செங்கோடன் எல்லாவற்றுக்கும் முன்னால், இருப்பதிலேயே பெரிய அன்னப் படகில், பொன்னாடையை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

கடைத்தெரு இறக்கத்தில் முதலில் வேலாயுதம் வந்தார், தோளில் இரண்டு துடுப்பு. பின்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு குணவதி வந்தாள். வழியில் நின்ற ஒருவர், "என்ன வேலாயுதம், நீயாவது சொல்லக்கூடாதா?" என்றார். "அவ வெயிட் தூக்கக்கூடாது, அதனால நான் தூக்கறேன். வழி விடுப்பா" என்றார் வேலாயுதம்.

நாணல் ஓரத்தில் படகுக்குள் காலை வைத்தாள். ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றி, கட்டிலில் மூன்று மாதம் பழகிய அதே தினுசில் உட்கார்ந்தாள். துடுப்புகளை வேலாயுதம் வளையத்தில் மாட்டிக் கொடுத்தார். அவள் அவர் கையை ஒருமுறை பிடித்து விட்டாள்.

ஏரிமேல் நின்ற கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தாள். "யாகூப் பாய்," என்று கூப்பிட்டாள், "அடுப்பை அணைச்சிடுங்க. கொதிக்கறது மேல கொட்டிடும்."

நட்டநடுவில் இருந்த யாகூப் பாய் அவளையும் கூட்டத்தையும் பார்த்தார். ஊரில் அதிகமாகச் சம்பாதித்தது அவர்தான், அதிகமாக இழக்கப் போவதும் அவர்தான். குனிந்து அடுப்பை அணைத்தார், கெட்டிலை மடியில் வைத்துக்கொண்டார், தன் படகின் கயிற்றை அவிழ்த்தார். "வாங்கக்கா" என்றார்.

குணவதி துடுப்பைப் போட்டாள். சின்னதாகத்தான் போட்டாள், அடிவயிறு என்ன சொல்கிறது என்று கேட்டுக் கேட்டுப் போட்டாள். படகு நகர்ந்தது. அவள் படகு நகர்ந்த அந்தக் கணமே ஏரியிலிருந்த அத்தனை படகுகளும் நெடுந்தூக்கத்திலிருந்து எழுந்த மிருகங்கள் மாதிரி உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கின. கயிறுகள் அறுந்தன, மூங்கில்கள் சாய்ந்தன, கைகோத்தவர்கள் கையை விட்டுவிட்டுப் பக்கத்துப் படகுக்குள் தாவினார்கள், பலகைகள் ஒவ்வொன்றாகத் தண்ணீரில் விழுந்து மிதந்தன, சாமந்தித் தொட்டிகள் முங்கிப் பூக்கள் மட்டும் மேலே வந்தன. கூச்சலென்றால் அப்படியொரு கூச்சல். ஒருவரும் முழுகவில்லை, இடுப்பளவுத் தண்ணீரில் விழுந்த நாலைந்து பேரும் எழுந்து நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சவரக்கடை, பாதிச் சோப்போடு இருந்த ஆளையும் ஏற்றிக்கொண்டு, அணைக்கட்டுப் பக்கம் மெதுவாகக் கிளம்பிப் போனது; நாற்காலியிலிருந்தவர் தன்னையறியாமல் கரைக்குக் கை அசைத்தார். அதைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். அப்புறம் யாரும் யாரையும் கேட்கவில்லை. துடுப்புக் கிடைத்தவன் துடுப்பைப் போட்டான், கிடைக்காதவன் பலகையை எடுத்துத் தள்ளினான். கோபித்துக்கொண்டே ஓட்டினார்கள், திட்டிக்கொண்டே ஓட்டினார்கள், இரண்டு சுற்று ஆனபிறகு திட்டவும் மறந்து ஒருவரையொருவர் முந்திக்கொண்டு ஓட்டினார்கள்.

ஏரியின் நடுவுக்கு வந்தபோது குணவதிக்கு அந்தப் பழைய இடத்தில் மெல்லிசாக இழுத்தது. இன்னும் கொஞ்சம் துடுப்புப் போட்டால் எதிர்க்கரை வந்துவிடும். ஊரே பார்க்கிறது. அவள் துடுப்பு இரண்டையும் தண்ணீரிலிருந்து எடுத்துப் படகுக்குள் போட்டுக்கொண்டாள். முதுகைச் சாய்த்துக் காலை நீட்டிக்கொண்டாள்.

கரையில் நின்றவர்கள் மூச்சைப் பிடித்தார்கள். படகுகளில் இருந்தவர்களும் பிடித்தார்கள். அவள் நின்றால் எல்லாம் நிற்குமே என்று ஒருவர் தோளை ஒருவர் பற்றிக்கொண்டார்கள். வேலாயுதம் நாணலுக்குள் முழங்கால் வரைக்கும் இறங்கிவிட்டார். அவள் அங்கிருந்தே அவருக்குக் கையை ஆட்டினாள், ஒன்றுமில்லை என்று.

படகுகள் நிற்கவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு, அவளை விலக்கிக்கொண்டு, அவளை விட்டுவிட்டு அவை பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தன. அவள் அண்ணாந்து பார்த்தாள், மேலே மேகம் போய்க்கொண்டிருந்தது. படகு லேசாக ஆடியது. வலி மெல்ல அடங்கியது. எதிர்க்கரைக்கு அவசரமில்லை என்று பட்டது.

பின்னாலிருந்து பெடல் சத்தம் வந்தது. வேர்த்து விறுவிறுத்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பொன்னாடையைத் தலையில் முண்டாசாகச் சுற்றிக்கொண்டு, செங்கோடன் அந்தப் பெரிய அன்னத்தைத் தன்னந்தனியாக மிதித்துக்கொண்டு வந்தார். பக்கத்தில் வந்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"என்னங்க்கா, நடுவுல நின்னுட்டீங்க?"

"ஓய்வு எடுக்கறேன்," என்றாள் குணவதி, "நீங்க போங்க."